பாலேஸ்வரியின் ஒன்றரைப் பக்க மறுப்புகள்

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வரக்கூடாத இடங்களில்தான் சிரிப்பு வரும். வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று காசோலையைத் திருப்பிக் கொடுத்தால் வரும். பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கையில் வரும். இருபத்தாறு வருடம் பம்பலப்பிட்டியில், காணி உறுதியும் உயிலும் எழுதும் ஒரு நொத்தாரிசு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தவர் அவர். தன் ஒரே மோட்டார் சைக்கிளை மூன்று மகன்மாருக்கும் சரி சமனாக எழுதிவைக்க வந்த ஒரு பெரியவரின் மரணசாசனத்தை அடிக்கும்போது அவருக்கு மூன்று தாள் வீணானது. நான்காவது தாளில் பெரியவரும் சேர்ந்து சிரித்தார். நொத்தாரிசு மட்டும் சிரிக்கவில்லை. பின்சில்லு யாருக்கு என்று அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த நொத்தாரிசு கந்தோரை மூடிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது பாலேஸ்வரிக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகியிருந்தார். மகன் மிதுஷன் கனடாவில், ஸ்காபரோவில். "இனி அங்க என்னம்மா இருக்கு, வாங்கோ" என்று அவன் கேட்ட அந்த வாரத்தில்தான் பாலேஸ்வரிக்கு மேசை வேலை கிடைத்தது.

மேசை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஓர் இணையத்தளத்தின் பெயரை யாரோ ஒருவர் ஏதோ ஒரு கம்பனியில் காசு கட்டிப் பதிந்துதான் வைத்திருப்பார். அவருடைய பெயர், விலாசம், தொலைபேசி எல்லாம் அந்தக் கம்பனியிடம் இருக்கும். முன்பு அவற்றை யாரும் பார்க்கலாம். பிறகு, ஒருவருடைய அந்தரங்கம் என்று மூடிவிட்டார்கள். மூடியது நல்லதுதான். ஆனால் உங்கள் கடையின் பெயரில் எவனோ களவாக ஒரு தளம் திறந்து சனத்திடம் முற்பணம் வாங்கினால், அவன் யாரென்று கேட்க ஓர் இடம் வேண்டுமல்லவா? இணையப் பெயர் விற்கும் ஏழு சிறிய கம்பனிகள் சேர்ந்து அப்படி ஓர் இடத்தை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், சாறிக் கடையின் மேல்மாடியில் திறந்தன. கேட்பவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் கேட்கிறார் என்று எழுத வேண்டும். காரணம் நியாயமானதா என்று பார்த்து, கொடுக்கலாமென்றால் விபரத்தைக் கொடுப்பதும், கூடாதென்றால் ஏன் கூடாது என்று கடிதம் எழுதுவதும் பாலேஸ்வரியின் வேலை. அரைநாள் உதவிக்கு மாளிகாவத்தையிலிருந்து றலியா வந்தாள். கம்பியூட்டர் அவள் பொறுப்பு, கடிதம் பாலேஸ்வரியின் பொறுப்பு. அந்த இடத்துக்கு ஒரு நீண்ட ஆங்கிலப் பெயர் இருந்தது. யாரும் சொல்வதில்லை. மேசை என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

அந்த வேலையைப் பாலேஸ்வரி விரும்பிய அளவுக்கு யாரும் ஒரு வேலையை விரும்பிப் பார்த்ததில்லை. காலை எட்டரைக்குக் கீழே சாறிக் கடையின் சிங்களக் காவலாளித் தம்பியிடம் "குட் மோர்னிங் மல்லி" என்று சொல்லிவிட்டு, வேலை செய்யாத லிஃப்ட்டுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மூன்று மாடி ஏறுவார். ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதைக்கு அப்பால் கடல். பிறகு கோரிக்கைகள்.

முதல் மூன்று வருடம் வெளிநாட்டு நிதியொன்றில் ஓடியது. நிதி முடிந்த அன்று, ஜூன் மாதத் தொடக்கத்தில், ஏழு கம்பனிக்காரருக்கும் தலைவரான றேமண்ட் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"மிஸ், ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. மாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் போகுது இந்த மேசைக்கு. வருமானம் எண்டு அஞ்சு சதம் இல்ல. ஏழு பேர்ல மூணு பேர் இனிச் சல்லி தரமாட்டம் எண்டுட்டாங்க. ஓகஸ்ட் முடிய மூடிரலாம் எண்டு யோசிக்கிறம்."

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். அடக்க முடியாமல் விக்கல் வந்தது. றலியா தண்ணீர் கொடுத்தாள்.

அன்றிரவு மிதுஷனோடு கதைக்கையில் அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதுதான் பெரிய பிழை. ஏனென்றால் தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

"அம்மா, நீங்கதானே சொன்னனீங்கள். வேலை இருக்கும் மட்டும் வரமாட்டன், வேலை இல்லையெண்டால் வாறன் எண்டு."

"சொன்னனான்தான்."

"அப்ப செப்டெம்பர் டிக்கெட் பாக்கிறன். ஜக்கெட்டும் வாங்கி வைச்சிருக்கிறன். ஊதா நிறம்."

"செப்டெம்பரிலேயே ஜக்கெட்டோ?"

"நவம்பரிலயும் நீங்கள் இங்கதானேம்மா இருப்பியள்."

மகன் நல்லவன். மருமகளும் நல்லவள். பாலேஸ்வரிக்கு அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே அவர் மிதுஷனின் அம்மா மட்டும். இங்கே ஒரு கோரிக்கையைக் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிற ஆள். ஐம்பத்து நான்கு வயதுவரை மற்றவர்கள் சொன்னதைத் தட்டெழுதிய ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை வீடியோ அழைப்பில் எப்படி விளங்கப்படுத்துவது?

மேசை ஏன் இவ்வளவு செலவு வைத்தது என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான். கலியாணம்.

படிவத்தில் காரணங்களுக்கு நாலு கட்டம் இருந்தது. வியாபாரப் பெயர்த் திருட்டு, மோசடி, பொலிஸ் விசாரணை, ஏனையவை. மாதம் நூற்றி நாற்பது கோரிக்கை வந்தால் அதில் நூறு ஏனையவைதான். ஏனையவைக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருப்பார்கள்: "மாப்பிள்ளை தனக்குக் கம்பியூட்டர் கம்பனி இருப்பதாகச் சொல்கிறார். வெப்சைட் இருக்கிறது. அது அவருடைய பெயரிலா, தமையனுடைய பெயரிலா?" லண்டனிலிருந்து ஒரு தாய்மாமன் எழுதுவார். நோர்வேயிலிருந்து ஒரு பெரியப்பா எழுதுவார். ஒரு தகப்பன் படிவத்தோடு மகளின் சாதகத்தையும் இணைத்து அனுப்பியிருந்தார். வெள்ளவத்தையில் மாப்பிள்ளை விசாரிப்பது என்றால் முன்பு அவன் படித்த பள்ளிக்கூடம், வேலை செய்யும் கந்தோர், பக்கத்து வீடு என்று போவார்கள். இப்போது பட்டியலில் மேசையும் சேர்ந்துவிட்டது. காசில்லாமல் கேட்கலாம் என்றால் ஏன் விடுவார்கள்?

ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாது. கலியாணம் பேசுவது ஒருவருடைய அந்தரங்க விபரத்தைத் திறக்கப் போதுமான காரணமில்லை. ஆனால் மறுப்பதென்றால் சும்மா மறுக்கவும் கூடாது. எந்த விதிப்படி, ஏன், மேன்முறையீடு செய்ய எத்தனை நாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, கையெழுத்து வைத்து, சீல் குத்த வேண்டும். பாலேஸ்வரி அதை மரணசாசனம் எழுதுகிற சிரத்தையோடு எழுதினார். நூறு கலியாணத்துக்கு நூறு மறுப்பு. இவற்றுக்கு அடியில் உண்மையாக ஏமாற்றப்பட்டவர்களின் கோரிக்கை ஐந்து வாரம் கிடந்தது.

ஜூன் கடைசியில் கலியாணத் தரகர் செல்லையா ஒரு பெட்டி லட்டுவோடு படியேறி வந்தார்.

"தங்கச்சி, உங்கட மறுப்பால மூண்டு கலியாணம் ஒப்பேறியிருக்கு."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை. மாட்டன் எண்டுதானே எழுதினனான்."

"அதுதானே விசயம். இல்லாத கம்பனியெண்டால் 'அப்படி ஒரு பதிவு எங்களிட்ட இல்லை' எண்டு ஒரு வரியில முடிச்சிடுவியள். உள்ள கம்பனியெண்டால் ஒண்டரைப் பக்கம் மறுப்பியள். ஒண்டரைப் பக்கம் வந்தால் பொம்பிளை வீட்டுக்காரருக்கு நிம்மதி. மாப்பிள்ளைக்குப் பின்னால என்னவோ இருக்கு."

றலியா கம்பியூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பிடி ஒரு பேர் ஈக்கிதா இல்லையா எண்டு யாரும் கூகிள்ல தட்டியே பாக்கலாமே அங்கிள்."

"கூகிளில சீல் இல்லைப் பிள்ளை" என்றார் செல்லையா.

பாலேஸ்வரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணாடி கழன்று லட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. அவர் நிமிர்வதற்குள் வாசலில் ஓர் இளைஞன் நின்றான். தர்ஷன் என்று பெயர் சொன்னான். தன்னுடைய தளத்தின் பெயரையே படிவத்தில் எழுதியிருந்தான்.

"உங்கட விபரத்தை உங்களுக்குத் தர ஏலும் தம்பி. அடையாள அட்டை காட்டினால் இப்பவே தரலாம்."

"தரவேண்டாம் அன்ரி. மறுத்துத் தாங்கோ. மாமாவா வரப்போறவர் மறுப்புத்தான் கேக்கிறார்."

அவனை மறுக்க விதியில் இடமில்லை என்று விளங்கப்படுத்த அரை மணி நேரம் போனது. அவன் முகம் வாடிப் போனான். செல்லையா படியிறங்கும்போது திரும்பி, "ஒரு கடிதத்துக்கு ரெண்டாயிரம் எண்டு போட்டாலும் சனம் வாங்கும் தங்கச்சி" என்றார். அவர் பகிடியாகச் சொன்னார். பாலேஸ்வரி அதைக் கொப்பியில் எழுதி வைத்தார்.

ஜூலை முதல் வாரம் ஏழு கம்பனிக்காரரும் கூடினார்கள். பாலேஸ்வரி எழுந்து நின்றார். சிரிப்பு வருமோ என்று பயம்.

"கேக்கிற ஆளிட்ட காசு எடுப்பம். ரெண்டாயிரம். குடுத்தாலும் அதே காசு, மறுத்தாலும் அதே காசு."

"அது எப்பிடி மிஸ்" என்றார் றேமண்ட். "விபரம் குடுத்தா மட்டும் எடுப்பம். வெறுங்கையோட அனுப்பிட்டு சல்லி கேட்டா சனம் அடிக்க வரும்."

"குடுத்தால்தான் காசு எண்டு வையுங்கோ. மாதக் கடைசியில என்ர சம்பளத்துக்குக் காணாதெண்டால் நான் என்ன செய்வன்? குடுக்கக்கூடாததையும் குடுக்கத்தான் பாப்பன். என்ர கையை நானே நம்பமாட்டன். கோயிலில அர்ச்சனைச் சீட்டு எடுக்கிறம். வேண்டினது கிடைக்கேல்லை எண்டு ஆரும் திரும்பிப் போய் கவுண்டரில காசு கேக்கிறதோ?"

"ஆண்டவருக்கு டிக்கெட் வச்சு எங்களுக்குப் பழக்கமில்ல மிஸ்."

பக்கத்தில் இருந்தவர் பலீல். இன்னொரு கம்பனிக்காரர், றேமண்டோடு இருபது வருடப் பழக்கம். "ஏன், கொச்சிக்கடை சேர்ச்ல மெழுகுதிரி சும்மாவா குடுக்கிற? போன கெழம நீ ஒரு கட்டு வாங்கிட்டுப் போனத நான் கண்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், றேமண்டும் கூட. ஒரு மாதம் பரீட்சித்துப் பார்ப்பதென்று முடிவானது. மாதம் தொண்ணூறு சீட்டு விற்றால் மேசை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். நூற்றி நாற்பதில் ஐம்பது பேர் காசைக் கண்டு ஓடினாலும் மிச்சம் தொண்ணூறு. கணக்குச் சரியாக இருந்தது.

"எந்த மாசம் வைப்பம்? லீவு கூடின மாசம் வேணாம்" என்றார் றேமண்ட்.

பாலேஸ்வரி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அது றேமண்டின் கம்பனி அச்சடித்தது. பௌர்ணமிப் போயா, வங்கி விடுமுறை எல்லாம் சிவப்பில் இருந்தது. "ஜூலை பதினேழிலயிருந்து ஓகஸ்ட் பதினாறு மட்டும் வைப்பம்" என்றார். "லீவு குறைவு."

பதினேழாம் தேதி காலை சாறிக் கடை வாசலில் காவலாளி ஏணியில் நின்று ஒரு பெரிய பதாகை கட்டிக்கொண்டிருந்தான். பாலேஸ்வரி கடந்து போய், லிஃப்ட்டைத் தட்டி, மூன்று படி ஏறி, நின்றார். இறங்கி வந்து மறுபடி வாசித்தார்.

ஆடித் தள்ளுபடி.

ஆடி. எந்தச் சைவக் குடும்பமும் கலியாணம் பேசாத ஒரே மாதம். பொருத்தம் பார்க்க மாட்டார்கள், தரகரைக் கூப்பிட மாட்டார்கள், மாப்பிள்ளை விசாரிக்க மாட்டார்கள். றேமண்டுக்குத் தெரியாது. பலீலுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள், கொழும்பில் முப்பது வருடம் ஆடிவேல் திருவிழா பார்த்த ஆள், தன் வாயாலேயே ஆடி முதலாம் தேதியைக் கேட்டு வாங்கியிருந்தார். பாலேஸ்வரி படியில் உட்கார்ந்தார். மெதுவாகத் தொடங்கிய சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காவலாளி ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்து, "நோனா, அசனீபத?" என்று கேட்டான். சுகமில்லையோ என்று. அவர் பதாகையைக் காட்டினார். அவன் மரியாதையாகத் தானும் கொஞ்சம் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு போத்தல் சோடா கொண்டுவந்தான்.

முதல் வாரம் நான்கு சீட்டு. அதில் ஒன்று கொட்டாஞ்சேனையில் கேக் செய்யும் சாமினியுடையது. அவளுடைய படங்களைக் களவெடுத்து யாரோ பொய்த்தளம் திறந்து பிறந்தநாள் கேக்குக்கு முற்பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு வேலை இல்லாதபடியால் பாலேஸ்வரியும் றலியாவும் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார்கள். முன்பென்றால் ஐந்து வாரம். சாமினி நம்பாமல் போன் எடுத்து, "இது உண்மையான கந்தோர்தானே?" என்று கேட்டாள். இரண்டாம் வாரம் ஒன்பது. ஆடிவேல் தேர் போன நாள் காலி வீதியே அடைபட்டுப் போனது, மேசைக்கு ஒரு குருவியும் வரவில்லை. இருவரும் ஜன்னலில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

"அக்கா, எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு ஆடியெல்லாம் இல்லையே" என்றாள் றலியா. "நான் மாளிகாவத்தைல செல்லிப் பாக்கவா?"

"வேண்டாம் பிள்ளை. கலியாணக்காரரை நாங்களே கூட்டிக்கொண்டு வாறதோ? மறுக்கிறதுக்கு ஆள் பிடிச்ச பாவம் வேண்டாம்."

சொல்லிவிட்டு அவருக்கே மனம் அடித்துக்கொண்டது. ஸ்காபரோவில் ஊதா ஜக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. மிதுஷன் அதைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தான். அதற்கு ஒரு தொப்பியும் இருந்தது.

ஓகஸ்ட் பதின்மூன்றாம் தேதி முப்பத்து நான்காவது சீட்டு வந்தது. றலியா அதைத் திறந்து, வாசித்து, எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கேட்பவர்: றேமண்ட். விலாசம்: கொட்டாஞ்சேனை. காரணம்: ஏனையவை. பக்கத்தில், "குடும்ப விடயம். மகளுக்கு வத்தளையில் ஒரு சம்பந்தம். மீன் ஏற்றுமதிக் கம்பனி." தளத்தின் பெயரை விற்றது பலீலின் கம்பனி. பலீலிடம் நேரே கேட்டிருக்கிறார் என்பதும், "அதுக்குத்தானே மேச போட்டீக்கிற, அங்க கேளு" என்று பலீல் கையை விரித்திருக்கிறார் என்பதும் பிறகு தெரியவந்தது.

பின்னேரம் அவரே வந்தார். படியேறிய களைப்பில் முதல் இரண்டு நிமிடம் கதை வரவில்லை.

"மிஸ், சல்லி கட்டிட்டன். ரசீதும் இருக்கு."

"கண்டனான் சேர்."

"எனக்கு விலாசம் வேணாம். போன் நம்பர் வேணாம். அவன்ட பேர்லதானா எண்டு மட்டும். ஆம் இல்ல. அவ்வளவுதான்."

பாலேஸ்வரிக்குத் தெரியும். பலீலின் கம்பனி அனுப்பிய விபரம் அவர் கண்முன்னால் திரையில் இருந்தது. திரையை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அப்போதுதான், வேண்டவே வேண்டாத அந்த நேரத்தில், சிரிப்பு வந்தது. தொப்பிவைத்த ஊதா ஜக்கெட்டும், றேமண்டின் கையிலிருந்த ரசீதும், ஆடி மாதமும் ஒன்றாய்ச் சேர்ந்து தொண்டையில் ஏறின. அவர் சிரித்தார். றேமண்டின் காது சிவந்தது.

"உங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை சேர், சத்தியமா இல்லை. எனக்கு இது ஒரு வருத்தம் மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலாது சேர்."

"இன்னும் மூணு நாள்ல மீட்டிங். தெரியும்தானே மிஸ்?"

"தெரியும்."

"என்ர மகள், மிஸ். ஒரே பிள்ள."

அதற்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "விளங்குது சேர்" என்றார் பாலேஸ்வரி. "நூறு தகப்பன்மார் இதே கதிரையில இருந்து இதையேதான் கேட்டவை. அவைக்கும் ஒரே பிள்ளைதான். இந்தப் பெடியனுக்கும் ஒரு தாய் இருப்பா. அவன்ர விபரம் என்ர கையில கிடக்குதெண்டு அவவுக்குத் தெரியாது."

றேமண்ட் எழுந்து போனார். படியில் அவருடைய காலடிச் சத்தம் கடைசிவரைக்கும் கேட்டது.

"ஒரு கண்ண மட்டும் சிமிட்டி ஈந்தா முடிஞ்சிருக்கும் அக்கா" என்றாள் றலியா.

"சிமிட்டினால் அதுவும் விபரம்தான்."

அந்தத் தளம் யாருடைய பெயரில் இருந்தது என்பதை இங்கேயும் எழுத வழியில்லை. பாலேஸ்வரி ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று மாலையே றேமண்டுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். தலைவர் என்பதற்காக ஒரு வரி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சீலை நேராகக் குத்தினார். பிறகு மிதுஷனுக்கு, "டிக்கெட் விலை என்ன மாதிரி?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். அவன் உடனே ஒரு இதயத்தையும் நாலு விமானத்தையும் திருப்பி அனுப்பினான்.

கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்பாகப் பட்டிஸும் பிளேன்ரீயும் வைக்கப்பட்டன. பாலேஸ்வரி எண்ணிக்கையைச் சொன்னார். தொண்ணூறு வேண்டியிருந்தது, முப்பத்து நாலு வந்தது. ஆடி மாதத்தைத் தெரிந்தெடுத்தது தன் பிழை என்றும் சொன்னார். காசு தர மறுத்த மூவரும் ஆளையாள் பார்த்தார்கள். ஆடி என்றால் என்னவென்று பலீல் கேட்டு, விளக்கம் கேட்டு, பட்டிஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கடேசியா சைவக்காரியே சைவக்காரருக்கு மேசைய மூடிட்டா."

"அப்ப மூடுறதுதானே" என்றார் ஒருவர்.

யாருக்கு மறுப்பு எழுதினேன் என்பதையும் பாலேஸ்வரியால் சொல்ல முடியாது. கேட்டவரின் பெயரும் அந்தரங்கம்தான். அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். றேமண்ட் இரண்டாவது பட்டிஸைத் தின்று முடித்தார். விரலைத் துடைத்தார். சேர்ட் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"இது எனக்கு வந்தது."

அடியில் மேசையின் சீல் இருந்தது.

"என் மகள்ட விசயமா நான் கேட்டன். மிஸ் தரல்ல. சிரிச்சா, தரல்ல. வைஃப் மூணு நாளா என்னோட கதைக்கல்ல. தலைவர் எண்டா என்ன தலைவர் எண்டு கேக்கிறா. நானும் கோவத்துலதான் இருந்தன். இண்டைக்கு மூடிரணும் எண்டுதான் இருந்தன்." பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார். "நேத்து ரிஷாத் எண்டு ஒருத்தர் கடைக்கு வந்தார். தளத்துக்குப் பேர் பதிய. அவருக்கு ஒரே பயம், என் வீட்டு விலாசத்த யாருக்கும் குடுத்துருவீங்களா எண்டு. நான் வாயால எவ்வளவோ சொன்னன். நம்பல்ல. கடைசில இந்தக் கடுதாசிய எடுத்துக் காட்டினன். பாருங்க, இந்த மேசைக்கே நான்தான் தலைவர், எனக்கே தரல்ல. அவர் ரெண்டு தரம் வாசிச்சார். ஒரு வருசத்துக்குப் பதிய வந்த ஆள் அஞ்சு வருசத்துக்குக் கட்டிட்டுப் போனார்."

பலீல் கடிதத்தை இழுத்து வாசித்தார். வாசித்து முடித்து, மரியாதையாகத் திருப்பி மடித்தார்.

"நாங்க கேக்கிறவன்ட சல்லிய மட்டும் பாத்துட்டு இருந்தம்" என்றார் றேமண்ட். "விபரத்தை எங்கட்ட தந்து வச்சிருக்கிறவன்தான் இந்த மேசையால பிழைக்கிறான். எங்க ஏழு பேர்ட்டயும் சேத்து பதினோராயிரம் தளப் பேர் இருக்கு. ஒரு பேருக்கு வருசம் நூத்தம்பது கூட்டுவம். கேக்கிறவன் சீட்டு எடுக்கட்டும், பதியிறவன் காவல் சல்லி குடுக்கட்டும். ஆடியோ ஆவணியோ, மேச ஓடும்."

ஒரு கம்பனிக்காரர் விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் ஓடுவார்கள் என்றார். இன்னொருவர், நூற்றைம்பது ரூபாய்க்கு இப்போது ஒரு பட்டிஸ்தான் வரும் என்றார். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் ஐந்து கை உயர்ந்தது, இரண்டு உயரவில்லை. பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வரும் என்று றலியா தண்ணீர்ப் போத்தலோடு தயாராக நின்றாள். அவர் அழுதார். பிறகு அழுகையைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

வாசலில் றேமண்ட் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இப்ப மீட்டிங்கும் முடிஞ்சு. சும்மா ஒரு வார்த்தை."

"சேர், மேன்முறையீட்டுக்குப் பதினாலு நாள் இருக்கு. படிவம் கடிதத்தோட இருக்கு."

"அதுக்கும் ரெண்டாயிரமா?"

"ஓம் சேர்."

ஆவணி பிறந்ததும் மேசையில் கூட்டம் பிடித்தது. செல்லையா ஒருநாளில் ஆறு சீட்டு எடுத்தார். மொத்தமாக எடுத்தால் கழிவு உண்டா என்று கேட்டார், இல்லை என்றதும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மிதுஷனிடம் சொல்ல மட்டும் பாலேஸ்வரிக்கு ஒரு வாரம் பிடித்தது.

"வேலை இருக்குத் தம்பி. நான் என்ன செய்யிறது? ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே."

"எத்தனை வருசத்துக்கம்மா?"

"பதினோராயிரம் பேர் காசு கட்டுறாங்கள். அவங்களைக் கேக்கோணும்."

அவன் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை கோரிக்கைகளுக்கு நடுவில் ஸ்காபரோவிலிருந்து ஒன்று இருந்தது. இரண்டாயிரம் ரூபாய் அட்டையால் கட்டப்பட்டிருந்தது. தளத்தின் பெயர் என்ற இடத்தில் மேசையின் சொந்தத் தளம். காரணம்: ஏனையவை. பக்கத்தில், "இந்தத் தளத்துக்குப் பின்னால் இருக்கும் பெண்மணி எப்போது வீட்டுக்கு வருவார் என்று அறிய விரும்புகிறேன்."

றலியா பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் போனாள். பாலேஸ்வரி அதை நான்கு தரம் வாசித்தார். விதிப்படி, கட்டணம் கட்டிய எந்தக் கோரிக்கைக்கும் பதில் எழுதியாக வேண்டும். அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். கேட்ட விபரம் இன்னும் பதிவில் இல்லை என்று எழுதினார். விண்ணப்பதாரரின் அக்கறை உண்மையானது என்பதை மேசை ஏற்றுக்கொள்கிறது என்று எழுதினார். அப்படி ஒரு வரியை அவர் வேறு எந்த மறுப்பிலும் எழுதியதில்லை. மார்கழியில் மேசைக்கு இரண்டு வார லீவு உண்டு என்பது பகிரங்கத் தகவல், யாரும் அறியலாம் என்றும் எழுதினார். கையெழுத்து வைத்துச் சீல் குத்தினார்.

மேன்முறையீடு செய்ய மிதுஷனுக்குப் பதினான்கு நாள் இருந்தது. அவன் செய்யவில்லை. கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறான்.